நடு அறைக்கு ஒரு செடி

எங்கள் வீடு ஒரு வரிசையின் நடுவில் இருக்கிறது. இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுக்காரர்களின் சுவர். முன்னால் காடி நிறுத்தும் இடத்துக்குக் கூரை போட்டிருக்கிறோம். பின்னால் அடுப்படியைச் சந்து வரைக்கும் இழுத்துக் கட்டியிருக்கிறோம். பீடோங்கில் எங்கள் தாமானில், இந்த வரிசைவீட்டுக் குடியிருப்பில், எல்லா வீடும் இப்படித்தான். யாருக்காவது கையில் கொஞ்சம் பணம் சேர்ந்தால் முதலில் செய்வது வானத்தை மூடுவதுதான்.

வீட்டைக் கட்டியவர்கள் வெளிச்சம் விழுவதற்காக நடுவில் சிறிய திறந்த வெளி ஒன்றை விட்டிருந்தார்கள். மழைச்சாரல் அடிக்கிறது என்று அதற்கும் தகரம் போட்டு, அந்த இடத்தில் சாமி மேடையை வைத்தோம். சாமி கிழக்கே பார்க்க வேண்டும் என்பதால் மேடை நடு அறையின் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றது. அந்த அறைக்கு அது ஒன்றுதான் ஜன்னல். திறந்தால் மேடையின் பின்பலகை தெரியும். பலகையின் ஓரமாக, பகலிலும் எரியும் சிவப்பு பல்பின் வெளிச்சம் கொஞ்சம் கசியும். அவ்வளவுதான். சாமான் வைக்கும் அறையாக இருந்தவரை அது யாருக்கும் குறையாகத் தெரியவில்லை.

இப்போது அந்த அறையில் என் மகள் இருக்கிறாள்.

கோலாலம்பூரில் படித்துக்கொண்டிருந்தவள். விடுதியிலிருந்து ஒரு நாள் தொலைபேசி வந்தது. போய் மருத்துவமனையில் பார்த்தோம், பிறகு அங்கிருந்தே வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். அவள் என்ன செய்துகொள்ளப் பார்த்தாள் என்பதை எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை. பிழைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் நேராக நடு அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டாள். நாங்கள் படுக்கும் முன்னறையை எடுத்துக்கொள்ளச் சொன்னோம். அதில் தெருப்பக்கம் ஜன்னல் உண்டு. "இதுவே போதும்ப்பா," என்றாள்.

அன்றைக்கே அந்த அறைக் கதவின் தாழ்ப்பாளைக் கழற்றினேன். அவள் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வெளியே வரும்போது, "ஸ்க்ரூ டிரைவர மறந்துட்டீங்க. எடுத்துட்டுப் போயிடுங்க," என்றாள். கேலியாகச் சொன்னாளா, என் பயத்தைப் பார்த்து இரக்கப்பட்டுச் சொன்னாளா என்று தெரியவில்லை. எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அரசாங்க மருத்துவமனையில் அவளைப் பார்க்கும் மருத்துவர் இளம்பெண். மாத்திரைகள் எழுதிக் கொடுத்துவிட்டு, எங்களைத் தனியாகக் கூப்பிட்டு, அவள் தினமும் கவனித்துக்கொள்ளும்படி வீட்டில் ஏதாவது உயிருள்ளது ஒன்று இருந்தால் நல்லது என்றார். பூனை வளர்க்கலாமா என்றார். என் மனைவிக்குப் பூனை என்றால் மூச்சு வாங்கும். அப்படியானால் ஒரு செடி வையுங்கள் என்றார்.

செடி என்றதும் எனக்கு நிம்மதியாகிவிட்டது. நான் புக்கிட் செலம்பாவ் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். செடி வளர்ப்பதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். தோட்டத்து வீடுகளில் யாரும் செடியை வீட்டுக்குள் வைத்ததில்லை என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

முதலில் வைத்தது மணி பிளாண்ட். மூலை வீட்டு அக்காவின் வாசலில் அது தென்னை மரத்தைச் சுற்றிக்கொண்டு முறத்தளவு இலை விட்டிருக்கும். ஒரு துண்டை வெட்டிக் கண்ணாடிப் போத்தலில் தண்ணீர் ஊற்றி, அவள் மேசையில் வைத்தேன். சில நாள் பச்சையாக இருந்தது. பிறகு அடியிலிருந்து ஒவ்வொரு இலையாக மஞ்சளானது. தண்ணீர் கலங்கி நாற்றம் எடுத்தது. எடுத்துக் கொட்டப் போனபோது அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். திரும்பாமலே சொன்னாள்:

"நான் நெனச்சேன். இதுவும் இருக்காதுன்னு."

இதுவும் என்றாள். நான் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படித் தொட்டியருகே நெடுநேரம் நின்றேன். மருத்துவர் சொன்னது நல்ல எண்ணத்தில்தான். ஆனால் அந்த அறையில் ஒரு செடி செத்தால், அவள் அதை எப்படி எடுத்துக்கொள்வாள் என்று அவரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. செடி வைக்காமலே இருந்திருக்கலாம். வைத்தாகிவிட்டது. செத்தும்விட்டது. இனி அந்த அறைக்குச் சாகாத செடி ஒன்று வேண்டும். எனக்கு அப்போதிலிருந்து இருந்தது இந்த ஒரே வேலைதான்.

நான் அலோர் ஸ்டாரில் ஓர் அலுவலகத்தில் கிராணி, குமாஸ்தா வேலை. தினமும் காடியில் போய் வருகிறேன். வழியெல்லாம் இருட்டில் வளர்வது எது என்று பார்த்துக்கொண்டே போக ஆரம்பித்தேன். எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைக் காட்டுக்குள் பட்டப்பகலிலும் மங்கலாக இருக்கும். அங்கே மரத்தண்டில், மட்டை வெட்டிய இடுக்குகளில், பெரணிகள் தொங்கும். நிழலிலேயே பிறந்து வளர்ந்தது, இது தாங்கும் என்று ஒன்றை வேரோடு பிடுங்கி வந்து வைத்தேன். மேசையெல்லாம் பழுப்புத் தூள் உதிர்த்து, சுருண்டு, அதுவும் போயிற்று. இந்த முறை அவள் தூளை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுப் போர்வையில் துடைத்துக்கொண்டாள்.

மூலை வீட்டு அக்காவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. என் மனைவி தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே இருந்தாள். பேச்சுத் துணைக்கு அவளுக்கு அந்த அக்காதான்.

"ஒரே ரூம்புல ரெண்டு பச்ச போயிருக்குன்னா சும்மா இல்ல," என்றார் அக்கா. "யாரையாச்சும் கூப்பிட்டுச் சாமி பாருங்க."

"வெளிச்சம் இல்லக்கா, அதான்," என்றேன்.

"நீங்க படிச்சவங்க, அப்படித்தான் சொல்லுவீங்க. எங்க வீட்லயுந்தான் இருட்டு. எனக்கு ஒண்ணும் ஆவல."

"ஒனக்கு என்னாக்கா ஆவும். வெளக்க அணச்சாலும் வாய் மூடாது," என்றாள் என் மனைவி. அவள் அப்படிப் பேசிக் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது. அக்கா சிரித்தார். என் மனைவி பாதி சிரிப்பில் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அந்த வாரம் நான் மேடையை நகர்த்துவதைப் பற்றிப் பேச்செடுத்தேன். ஜன்னலை விட்டு விலக்கி, மேலே தகரத்துக்குப் பதில் கண்ணாடி மாதிரி ஷீட் போட்டால் அறைக்கு வெளிச்சம் வரும் என்றேன். என் மனைவி என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை.

"சாமிய நவுத்துறதா. இப்பயா."

அதோடு அந்தப் பேச்சு நின்றது. அவளிடம் மிச்சம் இருந்தது அந்த மேடை ஒன்றுதான். காலையும் மாலையும் அதன் முன்னால் நின்று, பலகைக்கு அந்தப் பக்கம் படுத்திருக்கும் மகளுக்காகத்தான் கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.

எங்கள் அலுவலகத்தில் மாடிப்படிக்குப் பக்கத்தில் ஒரு நடைவழி உண்டு. ஜன்னலே கிடையாது. குழல்விளக்கு மட்டும்தான். அந்த நடைவழியில் வரிசையாகச் செடிகள் இருக்கும். தடித்த தண்டு, இரண்டு பக்கமும் மெழுகு பூசியது போல இலைகள். தொட்டுப் பார்த்தால்தான் பிளாஸ்டிக் இல்லை என்று தெரியும். எத்தனையோ வருடமாக அந்த வழியில்தான் கழிப்பறைக்குப் போய் வருகிறேன். ஒரு நாளும் அவை வாடிப் பார்த்ததில்லை. மகள் வந்த பிறகுதான் அவற்றை நின்று பார்த்தேன். சூரியனையே பார்க்காத இடத்தில் இப்படி இருக்கிறதே, இதுதான் எனக்கு வேண்டிய செடி என்று முடிவு செய்தேன். கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டேன்.

எங்கள் கெடா மாநிலத்தில் வெள்ளியும் சனியும்தான் விடுமுறை. ஒரு சனிக்கிழமை புக்கிட் செலம்பாவ் சாலையோரத்தில் செடி விற்கும் நம்மவர் கடைக்குப் போனேன். கடைக்காரம்மா படத்தைப் பார்த்துவிட்டு, "ஸெட் ஸெட்," என்றார். இரண்டு ஆங்கில எழுத்து, அதன் பெயரே அவ்வளவுதானாம்.

"இருட்டு ரூம்புக்காண்ணே? அப்ப இன்னொண்ணும் இருக்கு, பாக்குறீங்களா," என்று கத்தி மாதிரி நிமிர்ந்து நின்ற இலைகளைக் காட்டினார். "லிடா ஜின். இதுவும் தஹான்லா. தண்ணியே ஊத்தாட்டியும் தாங்கிக்கும்."

என் மனைவி கூட வந்திருந்தாள். "ஜின்னோட நாக்கா? பேய் நாக்கா?" என்றாள். "அந்த ரூம்புலயா? வேணாந்தாயி."

"பேருதாங்கா மலாய்ல அப்படி. அது என்னா பேசவா போவுது."

"பேசாட்டியும் வேணாம்."

ஸெட் ஸெட் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தோம். மகள் அன்றைக்கு எழுந்து உட்கார்ந்தாள். "இது நெசச் செடியாப்பா?" என்று கேட்டு ஓர் இலையை நகத்தால் லேசாகக் கீறிப் பார்த்தாள். பிறகு சில நாள் கழித்து, ஈரத்துணியால் இலைகளை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருப்பதைக் கதவிடுக்கில் பார்த்தேன். சத்தம் போடாமல் நகர்ந்து வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் சாமி மேடையைப் பார்த்தாள். நான் அலுவலக நடைவழியை நினைத்துக்கொண்டேன்.

அது வாடவில்லை. ஆனால் மண்ணிலிருந்து புதுத் தண்டு ஒன்று கிளம்பியது. முதலில் மகிழ்ந்தேன். அது மெலிந்து, வெளுத்து, இலைகளுக்கிடையே விரல்நீளம் விட்டு, ஜன்னல் பக்கம் சாய்ந்து வளர்ந்தது. சாமி மேடையின் சிவப்பு பல்பைத் தேடித்தான் அது போகிறது என்று எனக்குப் புரியக் கொஞ்ச நாளானது.

"பாவமா இருக்குப்பா, இத பாத்தா," என்றாள் மகள்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு நாள் அலுவலகத்துக்கு வழக்கத்தைவிடச் சீக்கிரம் போய்விட்டேன். நடைவழியில் இரண்டு ஆட்கள் தள்ளுவண்டியோடு நின்றார்கள். இருந்த தொட்டிகளைத் தூக்கி வண்டியில் வைத்துவிட்டு, அதே மாதிரி வேறு தொட்டிகளை அதே இடங்களில் இறக்கினார்கள். என் பகுதியில் வேலை செய்யும் தம்பி பின்னால் வந்து நின்றான்.

"என்னாண்ணே, இப்பத்தான் பாக்குறீங்களா? இது வாடகச் செடி. மாசா மாசம் கொண்டுபோயி வெளிச்சத்துல வச்சு, வேற கொண்டாருவாங்க. இந்த எடத்துல ஒரேயடியா வச்சா எது தாங்கும்?"

புதிதாக இறக்கிய தொட்டியில் ஓர் இலையைத் தொட்டுப் பார்த்தேன்.

"நம்ம கேட்டு ட்ரான்ஸ்ஃபர் கெடைக்கல. அதுங்களுக்காச்சும் கெடைக்குதே," என்று சொல்லிவிட்டுத் தம்பி வருகைக் கார்டைத் தட்டப் போனான்.

இருட்டில் வாழும் செடி என்று ஒன்று இல்லை. மெதுவாகச் சாகும் செடிதான் இருக்கிறது. அன்று முழுவதும் என் மனதில் இதுதான் ஓடிக்கொண்டிருந்தது. கண்முன்னே இருந்ததை இத்தனை வருடம் தப்பாகப் பார்த்திருக்கிறேன். மதியம் சாப்பிடவில்லை. ஆனால் மாலையில் வீடு திரும்பும்போது, அந்த ஆட்கள் செய்ததை நான் செய்தால் என்ன என்று தோன்றிவிட்டது.

அதே அளவில் இன்னொரு ஸெட் ஸெட் வாங்கினேன். தொட்டியும் அதே கறுப்புத் தொட்டி. வெளிறிய தண்டை, ஒடிந்துவிட்டது என்று மகளிடம் சொல்லி, முன்பே வெட்டியிருந்தேன். வெள்ளிக்கிழமைகளில் என் மனைவி அவளுக்கு எண்ணெய் தேய்த்துத் தலைக்கு ஊற்றுவாள். எண்ணெய், சீயக்காய், பிறகு அடுப்படிக்குப் பின்னால் உட்காரவைத்து முடி காயவைத்து, சாம்பிராணி போடுவது என்று நெடுநேரம் ஆகும். வாரத்தில் அவள் அந்த அறையை விட்டு வெளியே இருப்பது அந்த நேரம்தான். அப்போது நான் அறைக்குள் போய்த் தொட்டியை எடுத்து வந்து, முன்வாசலில் செருப்பு அலமாரிக்குப் பின்னால், வெயில் சாய்வாக விழும் மூலையில் வைத்துவிட்டு, அங்கே இருந்ததைக் கொண்டுபோய் மேசையில் வைப்பேன். இலை எந்தப் பக்கம் திரும்பியிருந்ததோ அந்தப் பக்கமே திருப்பி வைப்பேன். என் மனைவிக்குத் தெரியும். எண்ணெய் தேய்ப்பதைக் கொஞ்சம் நீட்டிக்கொள்வாள்.

செடி நன்றாக இருந்தது. மகளும் நன்றாக இருப்பதாகத்தான் எங்களுக்குப் பட்டது. சில நாள் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். அவள் அறையில் ஒரு முறை கைப்பேசியில் ஏதோ பார்த்துச் சிரித்த சத்தம் கேட்டு நானும் மனைவியும் அடுப்படியில் அசையாமல் நின்றோம். மருத்துவரும் முகம் தெளிந்து, மாத்திரை வேலை செய்கிறது என்றார். மாத்திரை கொடுப்பது மனைவியின் பொறுப்பு. தண்ணீரோடு கொடுத்து, விழுங்கும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் வருவாள்.

ஒரு வெள்ளிக்கிழமை நல்ல மழை. வாசல் கூரையின் ஓரத்திலிருந்து தண்ணீர் கொட்டி, நான் அப்போதுதான் வெளியே கொண்டுவந்து வைத்த தொட்டியின் மேல்மண்ணைக் கரைத்தது. உள்ளே இழுத்து வைக்கக் குனிந்தேன். கறுப்பு மண்ணுக்கு நடுவே வெள்ளையாக ஏதோ தெரிந்தது. முதலில் உரம் என்று நினைத்தேன். விரலை விட்டேன். வெளிப்பூச்சு கரைந்து பிசுபிசுத்த மாத்திரைகள். சில முழுதாகவே இருந்தன. இன்னும் தோண்டினேன். இன்னும் இருந்தன. ஸெட் ஸெட்டுக்கு அதிகம் தண்ணீர் ஊற்றக்கூடாது என்று நான்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன். அதனால் அவை கரையாமல் இருந்திருக்கின்றன. உள்ளே கொண்டுபோய் வைத்த தொட்டியையும் ஓடிப்போய்க் கிளறிப் பார்த்தேன். அதிலும் இருந்தன.

நான் அங்கேயே, அவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். அவள் தலையில் துண்டோடு உள்ளே வந்தாள். சாம்பிராணி வாசனை அடித்தது. மேசையையும் என் கையையும் பார்த்தாள். பயப்படவில்லை.

"ஏம்மா," என்றேன்.

"முழுங்குனா மண்டயெல்லாம் பஞ்சு மாதிரி ஆயிடுதுப்பா. எதுவுமே தெரிய மாட்டேங்குது."

"சொல்லியிருக்கலாம்ல. டாக்டர்கிட்ட சொல்லியிருப்போம்ல."

"சொன்னா இன்னும் ஒண்ணு கூட்டிக் குடுப்பாங்க."

"செடியில போட்டியே."

அவள் துண்டை அவிழ்த்து முடியை ஒரு பக்கமாகப் போட்டுக்கொண்டாள். "அது வெளிய போற தொட்டிதானே," என்றாள். "மொத தடவையே தெரியும். நான் நகத்துல கீறுன எல ஒண்ணு இருக்கும். அது ஒரு வாரம் இருக்கும், ஒரு வாரம் இருக்காது."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் சாப்பாட்டு மேசைக்கு வந்து உட்கார்ந்தது, இலை துடைத்தது, சிரித்தது என்று ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. எதை நம்பலாம் என்று தெரியவில்லை. மாத்திரை வேலை செய்கிறது என்று மருத்துவர் சொன்ன நாளில் அவள் மாத்திரையே சாப்பிட்டிருக்கவில்லை. அவளுக்காகத்தான் நான் செடியை மாற்றி மாற்றி வைத்தேன். எங்களுக்காக அவளும் எதை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தாளோ.

"இனிமே மாத்தாதீங்கப்பா," என்றாள். "இருக்குற வரைக்கும் இருக்கட்டும்."

மருத்துவரிடம் சொன்னோம். வேறு மாத்திரை கொடுத்தார். இப்போது விழுங்கியதும் வாயைத் திறந்து காட்ட வேண்டும். குழந்தையில் சோறு ஊட்டிவிட்டு "ஆ காட்டு" என்று சொல்வோமே, அதே மாதிரி என் மனைவி சொல்கிறாள், அவள் காட்டுகிறாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதில்லை.

சாமி மேடையை நகர்த்தலாம் என்று முதலில் சொன்னது என் மனைவிதான். நான் கேட்கவில்லை. சூடம் கொளுத்தி, ஏதோ முணுமுணுத்துவிட்டு, படங்களை அவளே ஒவ்வொன்றாக இறக்கித் துணி விரித்த மேசையில் வைத்தாள். மூலை வீட்டு அக்கா வந்து, "யாரக் கேட்டு நவுத்துனீங்க?" என்றார். "யாரக் கேக்கணும்," என்றாள் மனைவி. அக்கா ஒரு படத்தை வாங்கித் துடைத்துக் கொடுத்தார். மேடை இருந்த சுவரில் விளக்குப் புகை ஏறிய கறுப்பு இன்னும் போகவில்லை. தகரத்தில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு வெளிச்சம் விடும் ஷீட் போட்டோம். நடுப்பகலில் கொஞ்ச நேரம், ஜன்னல் திண்டில் வெள்ளையாக ஓர் ஒளித்துண்டு விழுகிறது. அதைப் பார்க்க நான் ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டில் இருந்தேன்.

அடுத்த நாளே மகள் அந்த ஜன்னலுக்குக் குறுக்கே பழைய கைலி ஒன்றைக் கட்டிவிட்டாள். கண் கூசுகிறது என்றாள். அறை பழையபடி ஆகிவிட்டது.

மேசையில் தொட்டியைக் காணவில்லை. மேடை இருந்த பக்கம் சுற்றிப் போய்ப் பார்த்தேன். கைலிக்கும் ஜன்னல் கம்பிக்கும் நடுவே, திண்டில், வெளிச்சம் விழும் இடத்தில் இருந்தது. செடிக்கென்றுதான் வைத்தாளா, கைலி கட்டும்போது இடைஞ்சலாக இருந்தது என்று தள்ளி வைத்தாளா என்று நான் கேட்கவில்லை. என் மனைவி அதைப் பார்த்து அழுதாள். நல்ல சகுனம் என்றாள். எனக்கு அப்படி நினைக்க முடியவில்லை. பச்சையாக இருப்பதை நம்பி ஒரு முறை ஏமாந்திருக்கிறேன்.

வேலைக்குக் கிளம்புமுன் தினமும் அந்தப் பக்கம் போய், ஜன்னல் கம்பிக்குள் கையை விட்டு, சத்தமில்லாமல் மண்ணைக் கிளறிப் பார்க்கிறேன். கைலிக்கு அந்தப் பக்கம் அவள் மூச்சு விடுவது கேட்கும். அது கேட்கும்வரை நின்றுவிட்டுத்தான் போவேன். இன்றைக்கும் மண் மட்டும்தான் இருந்தது. ஆனால் மண்ணில் இல்லை என்றால் வேறு எங்கும் இல்லை என்று ஆகாது. அந்த அறையில் ஒரு மாத்திரையைப் போட எத்தனையோ இடம் இருக்கிறது. விரலைத் துடைத்துக்கொண்டு காடியை எடுத்தேன்.